கப்பலேறிய பெண்களின் விடுப்பு

எங்கள் ஊரில் விடுப்பு என்றால் லீவு இல்லை. அடுத்த வீட்டில் என்ன சமையல், யார் வந்து போனது, ஏன் சத்தம் கேட்டது என்று துருவி அறிகிற ஆசைக்குத்தான் விடுப்பு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் அதைக் குறை சொல்லாதவர்களும் இல்லை, செய்யாதவர்களும் இல்லை. அந்தக் கலையில் எத்தனையோ கைதேர்ந்த விண்ணிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்து நூறு வருடம் தாண்டிய பெண்களின் விடுப்புக் கேட்டுத் திரிந்த ஒரே மனுஷியை லண்டனில்தான் கண்டேன்.

எல்லோருக்கும் அவர் அக்கா. பெயரை எழுதப் போவதில்லை. யாருக்கும் தெரியாத பெண்களின் பெயரையெல்லாம் தேடித் தேடி எடுத்தவருடைய பெயரை நான் மறைப்பது அநியாயம்தான். ஆனால் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று, லண்டனில் வந்து இறங்கிய பெயர் வேறொன்று. எதை எழுதினாலும் வில்லங்கம். ஐம்பது வயது, கட்டையான உருவம், கொண்டையில் எப்போதும் செருகிய ஒரு பென்சில். அடையாளத்துக்கு இவ்வளவு போதும்.

முதலில் கண்டது எண்பத்தாறாம் ஆண்டில். நான் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்ச்வே ஏற்றத்தில் இருக்கிற கோயிலில், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பூசணிக்காயின் தோலைச் சீவிக்கொண்டே அக்கா சொன்னார்.

"மேரியையும் கப்பலேத்திப் போட்டாங்கள். கைக்குழந்தையோட."

வெட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அந்த நாட்களில் 'திருப்பி அனுப்புறாங்கள்' என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பயம் கிடையாது. பேய்க்குக்கூட அவ்வளவு பயப்பட்டதில்லை.

"எந்த மேரி அக்கா? மன்னார்ப் பிள்ளையோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கேஸுக்கு லோயர் வைச்சவையோ?" என்றாள் இன்னொருத்தி.

"மன்னாரோ? இவள் மான்செஸ்டர்ப் பிள்ளை. நெசவுக்காரி. துணி களவெடுத்ததெண்டு ஏழு வருசம். அவுஸ்திரேலியாவுக்கு."

"எப்ப அக்கா?"

"விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வாறதுக்கு முன்னம்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினாள். "போங்கோ அக்கா, உயிர் போயிட்டு வந்தது" என்றாள். அக்காவுக்கு விளங்கவே இல்லை. மேரிக்காக நாங்கள் கொஞ்சமும் கவலைப்படவில்லை என்று அவருக்கு அன்று முழுக்க மனவருத்தம்.

அக்கா யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் வாசித்து உரிய வாசலில் சேர்ப்பித்தவர். லண்டனில் கிடைத்ததோ, அரசாங்கத்தின் பழைய கடதாசிகளைக் காத்து வைக்கிற ஒரு பெரிய கட்டடத்தின் கன்டீனில் மேசை துடைக்கிற வேலை. தினமும் வந்து சூப் குடிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம், நாள் முழுக்க உள்ளே என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். கேட்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம். கிழவர், தன்னுடைய பூட்டியைக் களவுக்காக நாடு கடத்தினார்கள், அந்தக் கடதாசியைத் தேடுகிறேன் என்றாராம்.

"பூட்டி கள்ளியெண்டு மனுசன் சிரிச்சுக்கொண்டு சொல்லுது பிள்ளை. எங்கட சனமெண்டால் தங்களுக்குப் பூட்டியே இருக்கேல்லை எண்டிருக்கும்" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சின்னக் களவுக்கும் பெண்களைக் கப்பலில் ஏற்றி உலகத்தின் மறுகரைக்கு அனுப்பினார்கள் என்பது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். இரண்டு கரண்டி, எசமானியின் சால்வை, ஒரு பார்சல் துணி. அதற்கு ஏழு வருடம், சிலருக்குப் பதினாலு. தண்டனை முடிந்தாலும் திரும்பி வருவதற்கு யாரும் கப்பல் காசு கொடுப்பதில்லை. போனவள் போனவள்தான். எங்களைச் சட்டம் படிப்பித்து மிரட்டுகிற நாட்டின் பழைய கதை இதுவா என்று எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு அந்தக் கோபத்தில் ஈடுபாடு இல்லை. அவருக்கு ஆட்கள்தான் வேண்டும்.

ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வாசகர் அட்டையோடு அதே கட்டடத்தின் மற்றப் பக்கத்துக்குப் போவார். மத்தியானம் அவர் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்த பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அங்கே பேனைக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். கொண்டையில் பென்சில் வந்த வழி அது. ஆராய்ச்சி செய்கிறீர்களா என்று யாராவது கேட்டால் கோபம் வரும்.

"ஆராய்ச்சி படிச்ச ஆக்கள் செய்யிறது. நான் விடுப்புப் பாக்கிறன்."

உண்மையும் அதுதான். கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணின் உயரமும் கண்ணின் நிறமும் அம்மைத் தழும்பும் எழுதியிருக்குமாம். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது, "அவளுக்கு இடக்கையில ஒருத்தன்ர பேரைப் பச்சை குத்திக் கிடக்கு. இவள் கப்பலேறேக்கை அவன் வந்து பாத்தவனோ தெரியேல்லை" என்பார். அன்றைக்கு முழுக்க அந்த வராதவனைத் திட்டுவார். சில சீமாட்டிகள் இரக்கப்பட்டு, கப்பலில் தைப்பதற்கென்று அந்தப் பெண்களுக்கு ஊசியும் நூலும் துணித் துண்டுகளும் கொடுத்து அனுப்பினார்கள் என்று வாசித்தபோது, "நல்ல வேலை, கை சும்மா இருந்தால் விசர் பிடிச்சிடும்" என்று மெச்சினார். அதோடு விட்டாரா? என்ன நிறத் துண்டுகள், யார் யாரோடு சேர்ந்திருந்து தைத்தார்கள், யார் ஊசியைத் துலைத்தது என்று எழுதி வைக்கவில்லையே என்று அந்தச் சீமாட்டிகள் மேல் குறை.

அலுப்பாகவும் இருக்கும், பொய் சொல்லவில்லை. சில நாட்களில் அவரைத் தூரத்தில் கண்டால் நான் ரோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறியிருக்கிறேன்.

கோயிலில் ஒரு அண்ணை இருந்தார். நாலு பேர் இருந்தால் ஐந்தாவதாகப் புத்தி சொல்லுகிறவர். ஒருநாள் அவர், "உங்களுக்கு வேற சோலி இல்லையே? கள்ளியளின்ர கதையைக் கோயிலுக்க கொண்டு வாறியள்" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நீர் ஹீத்ரோவில வந்திறங்கேக்க உம்மட பாஸ்போட்டில இருந்த பேர் ஆரின்ர பேர்?"

அண்ணை வேட்டியைச் சரி செய்துகொண்டு சாமி கும்பிடப் போய்விட்டார். மற்ற ஆண்களும் எழும்பினார்கள். சொந்தப் பெயரில் வந்திறங்கியவர்கள் எங்களில் அபூர்வம்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கைதிகள் மந்திரிக்கு எழுதிய மனுக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மடித்துக் கட்டிக் கிடக்கும். மற்றவர்கள் மனுவைப் பிரித்து முதல் வரியிலிருந்து வாசிப்பார்கள். அக்கா மனுவின் முதுகைத்தான் முதலில் பார்ப்பார். அந்த மனுவை வாசித்த உத்தியோகத்தர் தன் எண்ணத்தை முதுகுப் பக்கத்தில்தான் இரண்டு வரி கிறுக்கியிருப்பாராம்.

"அவள் என்ன எழுதினவள் எண்டு பிறகு பாப்பம். வாசிச்சவன் என்னத்தில இடறினவன் எண்டதுதான் முதல். கந்தோரில இருந்த எனக்குத் தெரியும். எங்களுக்குக் கண் முதலில பிழையிலதான் போகும்" என்பார்.

இனி என்னுடைய கதைக்கு வரவேண்டும். வராமல் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

லண்டனில் இறங்கியபோது அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "பிள்ளையள் இருக்கோ?" நான் "இல்லை" என்றேன். அவர் எழுதினார். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளை என் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பிள்ளை இருக்கென்று சொன்னால் சிக்கல் என்று, காசு வாங்கிக்கொண்டு என்னைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் சொல்லி விட்டிருந்தான். எங்களில் எத்தனையோ பேர் இந்தப் பிழையைச் செய்தார்கள். வாயால் ஒரு சொல், கடதாசியில் ஒரு கோடு, பிறகு பெற்ற பிள்ளை பிள்ளையில்லை.

அக்காவிடமும் மறைத்துத்தான் வைத்திருந்தேன், நாலு வருடம். அந்த மனுஷியிடம் நாலு வருடம் ஒன்றை மறைப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்களிடம் மகளுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்து விடுவேன். தொண்ணூறாம் ஆண்டு, கடையில் நான் சட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தபோது அக்கா பின்னால் நின்றார்.

"ஆருக்கு?"

"தமக்கையின்ர மகளுக்கு."

"தமக்கைக்கு ரெண்டும் பெடியள் எண்டெல்லோ சொன்னனீர்?"

நான் சட்டையைத் திரும்பக் கம்பியில் கொளுவினேன். அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் விட்டு நான் பார்த்ததே இல்லை.

அதே கிழமைதான் எனக்கு வேறொரு தலையிடியும் இருந்தது. தங்குகிற அனுமதி கிடைத்துச் சில வருடம் ஆனவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று ஆகியிருந்தது. ஆனால் என் ஃபைலில் பிள்ளை இல்லை. வெம்பிளியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்கட தமக்கை செத்துப்போனா எண்டு போடுவம். அவவின்ர பிள்ளையெண்டு, தாயில்லாப் பெறாமகளைக் கூப்பிடுறியள். மரணச் சான்றிதழ் எடுப்பிக்கலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சம்மதிக்கத்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வூல்விச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கப்பல்கள் பல அங்கேதான் ஆற்றில் நின்று பெண்களை ஏற்றினவாம். தை மாதத்துக் காற்று காதை அறுத்தது. அக்கா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, எலன் என்றொருத்தியின் கதையைத் தொடங்கினார். எசமானியின் துணியை அடகு வைத்தவள். சிறையில் மறியலுக்குப் போகும்போது, பிள்ளைகள் இருக்கா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னவள். கப்பலேற இரண்டு கிழமை இருக்கும்போது மனு எழுதுவித்திருக்கிறாள்: ஏழைகள் விடுதியில் எனக்கு நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான், அவனையும் என்னோடு ஏற்றிவிடுங்கள் என்று. சின்னப் பிள்ளைகளைத் தாயோடு அனுப்புகிற வழக்கம் அப்போது இருந்தது.

"முதுகில என்ன எழுதிக் கிடந்தது?" என்று கேட்டேன். அக்காவோடு திரிந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

"'பிள்ளை இல்லையென்று முன்பு சொன்னவள். ஏன் மறைத்தாள்?' அவ்வளவுதான். கேள்வியை எழுதிப்போட்டுக் கட்டி வைச்சிட்டான். மறுமொழி சொல்ல ஆள் இல்லை. கப்பல் போயிட்டுது. பட்டியலில பிள்ளை இல்லை. அந்தப் பெடியனை விடுதிப் புத்தகங்களிலயும் தேடிப் பாத்திட்டன், காணேல்லை. மனு நல்ல மனு, பிள்ளை. கண்ணீர் வடியிற மனு. ஆனா அந்த ஒண்டை மட்டும் அவள் எழுதேல்லை."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கடையில் கண்ட அந்தச் சட்டையிலிருந்தே மிச்சத்தைக் கணக்குப் போட்டிருந்தார் போலும்.

"நீர் ஏன் பிள்ளை இல்லையெண்டு சொன்னனீர்?"

"ஏஜென்சிக்காரன் சொல்லச் சொன்னவன்."

"அவன் சொன்னவன். நீர் ஏன் சொன்னனீர்?"

"பயம் அக்கா."

"என்ன பயம்?"

"பிள்ளையை விட்டிட்டு வந்தனி எண்டால், அங்க பயமில்லைத்தானே எண்டு திருப்பி அனுப்பிடுவாங்கள்."

"அது லோயர் சொல்லுற மறுமொழி. உம்மட மறுமொழி என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, உங்களுக்குப் பிள்ளையா குட்டியா என்று கத்தினேன். சொல்லக்கூடாத சொல். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போலக் கோப்பையில் மிச்சத் தேத்தண்ணீரை ஊற்றினார். பிறகு, அதே குரலில், அதே கேள்வி.

அப்போதுதான் சொன்னேன். கொழும்பில் ஏஜென்சிக்காரன், இப்போது ஒருவருக்குத்தான் இடம், பிள்ளையோடு போவதென்றால் இன்னும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றான். என் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்னையும் தேடி வந்து போயிருந்தார்கள். மூன்று மாதம் பொறுக்க எனக்குத் துணிவு இல்லை. நான் என் உயிருக்குப் பயந்து அவளை விட்டுவிட்டு வந்தேன். பிள்ளை இருக்கென்று சொன்னால், எங்கே என்று அடுத்த கேள்வி வரும். விட்டுவிட்டு வந்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஏலாமல்தான் பிள்ளையே இல்லை என்று சொன்னேன். 

அழுதேன். ஆற்றங்கரையில் நாயோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை, முதுகைத் தடவவும் இல்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இப்ப சொன்னதை எழுதுவம். இதுதான் முதல் வரி."

"விசரே அக்கா உங்களுக்கு? இதை எழுதினால் தருவாங்களோ? வெம்பிளியில ஒருத்தர், தமக்கை செத்திட்டா எண்டு போடுவம் எண்டவர்."

"தருவாங்களோ தெரியாது. ஆனா வாசிக்கிறவன் இடறப்போற இடம் எங்களுக்கு முதலே தெரியும். அதில நாங்களே முதல் போய் நிப்பம். உயிரோட இருக்கிற தமக்கையைச் சாக்காட்டிப் பிள்ளையை எடுத்தால், நாளைக்குத் தமக்கையையும் கூப்பிட ஏலாது, பிள்ளைக்கும் நீர் தாயில்லை."

கடிதத்தை அக்கா பென்சிலால் நாலு தரம் எழுதி அழித்தார். நான் பேனையால் பார்த்தெழுதினேன். 'எனக்குப் பிள்ளை இல்லை என்று உங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அது பொய். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதை முதலில் எழுதுகிறேன்' என்று தொடங்கியது. பிள்ளையைக் கூப்பிட அனுமதி வேண்டும் என்பது கடைசி வரியில்தான் வந்தது. வெம்பிளிக்காரர் பிரதியை வாசித்துவிட்டு, இதைப்போல ஒரு மொக்கு வேலையைத் தான் பார்த்ததில்லை என்றார்.

ஒன்றரை வருடம் போனது. அந்த ஒன்றரை வருடமும் நான் அக்காவைச் சபித்த நாட்கள் உண்டு. இரத்தப் பரிசோதனை கேட்டார்கள், கொடுத்தோம். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், தமக்கை அனுப்பினாள். ஏன் மறைத்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் விசா கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. உண்மையை எழுதியதால்தான் தந்தார்களா, அன்றைக்கு அந்த அதிகாரி வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாரா, எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டேன். "அவன் முதுகுப் பக்கத்தில எழுதினதை நூறு வருசம் கழிச்சு ஆரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஹீத்ரோவுக்கு அக்காவும் வந்தார். தெரிந்த குடும்பம் ஒன்றோடு மகள் வெளியே வந்தாள். எட்டு வயது. என்னிலும் பார்க்க என் தமக்கையின் நடை. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் மரம் மாதிரி நின்றாள். அவள் மேல் குற்றம் இல்லை, போட்டோவில் பார்த்த ஒரு பொம்பிளை ஓடிவந்து பிடித்தால் யார்தான் என்ன செய்வார்கள்? 

ரயிலில் அவள் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர்ச் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அக்கா தொடங்கிவிட்டார். பிளேனில் என்ன சாப்பாடு தந்தார்கள், யார் பக்கத்தில் இருந்தது, வயிற்றைக் குமட்டிச் சத்தி எடுத்தாளா, பெரியம்மா என்ன சொல்லி அனுப்பினார். மகள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள். ஐந்து வருடத்தில் நான் கேட்டிராத குரல். நான் எதிரில் இருந்து, வழியில் கண்ட ஆள் மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நாலைந்து ஸ்டேஷன் போயிருக்கும். மகள் குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கத்தக்கதாக, அக்காவிடம் கேட்டாள்.

"அம்மா ஏன் என்னை விட்டிட்டு வந்தவ?"

அக்காவிடம் அதற்கு மறுமொழி இருந்தது. நாலு தரம் தன் கையால் எழுதியவர். என்னைவிட வடிவாகச் சொல்லியிருப்பார், என் பக்கமாகவும் சொல்லியிருப்பார். அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

"அது எனக்குத் தெரியாது பிள்ளை. அவவைக் கேள், சொல்லுவா" என்றார்.

எழும்பிப் போய், கதவுக்குப் பக்கத்தில், எங்கள் பேச்சுக் கேட்காத தூரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த மனுஷி!

நான் அக்காவின் சீட்டுக்கு மாறினேன். மகள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். ஒருமுறை கடதாசியில் எழுதியிருந்ததால் எனக்கு அது வாயில் வந்தது. எழுதியிருக்காவிட்டால் ஏஜென்சிக்காரனைச் சொல்லியிருப்பேன், இல்லாவிட்டால் சண்டையைச் சொல்லியிருப்பேன். "எனக்குப் பயமாக் கிடந்தது. பயத்தில உன்னை விட்டிட்டு ஓடி வந்திட்டன். அது பிழை. இங்க வந்தும், உன்னை விட்டிட்டு வந்தன் எண்டு சொல்ல வெக்கத்தில, எனக்குப் பிள்ளையே இல்லையெண்டு பொய் சொன்னனான். அதாலதான் இவ்வளவு நாள் சென்றது" என்றேன்.

இரண்டு ஸ்டேஷன் வந்து போனது. பிறகு, விமானத்திலிருந்து இறங்கியது முதல் யாரிடமும் கொடுக்காமல் மடியில் கட்டிப்பிடித்து வைத்திருந்த பையை என் பக்கம் தள்ளினாள்.

"பாரமாக் கிடக்கு. நீங்கள் வைச்சிருங்கோ" என்றாள்.